எக்செல் பட்டியலிலிருந்து முகவரி லேபிள் அச்சிடுவது: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய தெருவில் டிடிபி வேலை செய்கிறேன். தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகை, வைகாசியில் கோயில் அழைப்பிதழ், ஜூனில் பள்ளிக்கூட நோட்டு லேபிள் என்று வருஷம் முழுக்க யாராவது பென் டிரைவோடு வந்து நிற்பார்கள். "அட்ரஸ் எல்லாம் எக்செல்ல இருக்கு, ஸ்டிக்கர்ல அடிச்சுக் குடுங்க" என்பார்கள். இதை வீட்டில் கம்ப்யூட்டரும் பிரின்டரும் இருப்பவர்கள் தாங்களே செய்துகொள்ள முடியும். அவர்கள் என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். மெனுப் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன்.

மெயில் மெர்ஜ் என்கிறார்களே, அது என்ன? ஒவ்வொன்றாக டைப் செய்தால் ஆகாதா?

இருபது முகவரி என்றால் டைப் செய்துவிடுங்கள், அதுதான் வேகம். முந்நூறு, நானூறு என்று போனால் மெயில் மெர்ஜ்தான் வழி. எக்செலில் ஆளுக்கு ஒரு வரியாகப் பட்டியல் இருக்கும். வேர்டில் ஒரே ஒரு லேபிளுக்கு "இங்கே பெயர், இங்கே தெரு, இங்கே பின்கோடு" என்று இடம் குறித்து வைப்போம். வேர்டு பட்டியலை மேலிருந்து படித்து ஒவ்வொரு ஆளையும் ஒவ்வொரு லேபிளில் உட்கார வைக்கும். அடுத்த விசேஷத்துக்கும் அதே பட்டியல் கைகொடுக்கும்.

பட்டியலை எப்படி அமைக்க வேண்டும்? எங்களிடம் மொய் நோட்டுதான் இருக்கிறது.

மொய் நோட்டுதான் நம் ஊரில் சிறந்த முகவரிப் புத்தகம். ஆனால் அதில் "மேல்பட்டி மாமா வீடு", "பேரணாம்பட்டு சம்பந்தி" என்றெல்லாம் இருக்கும். அதை அப்படியே கட்டத்தில் ஏற்றினால் தபால்காரருக்கு உதவாது. எக்செலில் ஏற்றும்போதே பிரித்து எழுதுங்கள்.

முதல் வரியில் தலைப்புகள் மட்டும் இருக்கட்டும்: வரிசை எண், மரியாதை, பெயர், கதவு எண், தெரு, ஊர், மாவட்டம், பின்கோடு, கைபேசி. இரண்டாம் வரியிலிருந்து ஆட்கள். பலர் உச்சியில் நாலு கட்டத்தை ஒன்றாகச் சேர்த்து "எங்கள் இல்லத் திருமண முகவரிப் பட்டியல்" என்று பெரிய எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். வேர்டு அதைத்தான் தலைப்பு வரி என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் "பெயர்" என்ற தலைப்பே அதற்குத் தெரியாது. நடுவில் காலி வரி விடுவது, "பெண் வீட்டார்", "மாப்பிள்ளை வீட்டார்" என்று இடையில் ஒரு வரியில் எழுதுவது, இவையும் வேண்டாம். யார் வீட்டார் என்று தெரிய வேண்டுமானால் அதற்கென ஒரு நெடுவரிசை போடுங்கள். பிறகு ஒரு பக்கத்தாரை மட்டும் பிரித்து அச்சிடவும் அது உதவும்.

"மரியாதை" என்று தனியாக ஒரு நெடுவரிசை ஏன் என்று கேட்பார்கள். நம் பக்கத்துப் பட்டியலில் திரு, திருமதி மட்டும் வருவதில்லை. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி முகவரிகளில் ஜனாப், ஹாஜி வரும். டாக்டர், புலவர், அருட்தந்தை வரும். எல்லாருக்கும் "திரு" என்று வேர்டிலேயே அடித்துவிட்டால் சிலருக்கு அது முகச்சுளிப்பைத் தரும். பத்திரிகையின் உறையைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள்.

இனிஷியலையும் ஒரே முறையில் எழுதுங்கள். "கோ. சுந்தரம்", "சுந்தரம் கோ", "கோ.சுந்தரம்" என்று மூன்று விதமாக இருந்தால் ஒரே ஆளுக்கு மூன்று உறை போகும். இரட்டிப்பைக் கண்டுபிடிக்கக் கைபேசி எண்ணைப் பாருங்கள். பெயர் எப்படி எழுதியிருந்தாலும் எண் ஒன்றுதான்.

கதவு எண் 3/4 என்று அடித்தால் "03-ஏப்ரல்" என்று மாறுகிறதே?

எங்கள் கடைக்கு வரும் பட்டியல்களில் இதுதான் முதல் சிக்கல். எக்செல் சாய்கோட்டைப் பார்த்ததும் தேதி என்று நினைத்துக்கொள்கிறது. 3/4, 5/12, 10/6 எல்லாம் தேதியாகிவிடும். 45/12 ஆகாது, ஏனென்றால் அப்படி ஒரு தேதி இல்லை. ஆகவே பட்டியலில் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் இருக்கும். அதனால்தான் கண்ணில் படாமல் போகிறது.

டைப் செய்வதற்கு முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, அதன் ஃபார்மட்டை "டெக்ஸ்ட்" என்று மாற்றிவிடுங்கள். ஓரிரண்டு கட்டம்தான் என்றால் எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு அடியுங்கள்; குறி அச்சில் வராது. ஏற்கெனவே தேதியாக மாறியதைப் பிறகு "டெக்ஸ்ட்" என்று மாற்றினால் ஐந்து இலக்கத்தில் ஏதோ ஒரு எண் நிற்கும். எக்செல் தேதியை உள்ளே நாள் கணக்காகத்தான் வைத்திருக்கிறது. 2025 ஜனவரி 1 அதற்கு 45658. எனவே மாறிப்போன கட்டங்களைத் திரும்ப அடிப்பதுதான் தீர்வு.

இதோடு சேர்ந்த இன்னொன்று: கதவு எண் நெடுவரிசையில் 12, 14, 27 என்று வெறும் எண்களும் நடுவில் "12/3ஏ" என்றும் கலந்திருந்தால், வேர்டு முதல் சில வரிகளைப் பார்த்து "இது எண் நெடுவரிசை" என்று முடிவு கட்டிவிடும். "12/3ஏ" இருக்கும் இடத்தில் சுழியமோ வெற்றிடமோ வரலாம். அங்கேயும் மருந்து அதுவேதான்: ஆரம்பத்திலேயே டெக்ஸ்ட்.

91 சேர்த்த பன்னிரண்டு இலக்கக் கைபேசி எண்கள் 9.19 என்று தொடங்கிச் சுருங்கிப் போவதும் இதே காரணத்தால்தான். தேதி நெடுவரிசை லேபிளில் வர வேண்டுமென்றால் அதையும் டெக்ஸ்டாக அடித்துவிடுங்கள். இல்லையென்றால் வேர்டில் மாதம் முன்னாலும் நாள் பின்னாலுமாக அமெரிக்க முறையில் வந்து நிற்கும்.

பழைய முகவரிகளில் "வடாற்காடு மாவட்டம்" என்று இருக்கிறது. மாவட்டம் எதைப் போடுவது?

அப்பா காலத்து நோட்டு என்றால் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். வட ஆற்காடு மாவட்டம் 1989 செப்டம்பர் 30 அன்று இரண்டாகப் பிரிந்தது: வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம், திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். முன்னது பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. அந்த வேலூரும் 2019 நவம்பர் 28 அன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது.

ஆகையால் பழைய பட்டியலில் "வடாற்காடு" என்று இருப்பதை மொத்தமாக "வேலூர்" என்று மாற்றும் பட்டனை அழுத்திவிடாதீர்கள். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர், நெமிலி, கலவை இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி திருப்பத்தூர் மாவட்டம். காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, கே.வி.குப்பம் வேலூரிலேயே இருக்கின்றன. ஆரணி, போளூர், செய்யாறு, வந்தவாசி திருவண்ணாமலை மாவட்டம். ஊர்ப் பெயரை வைத்து எக்செலில் ஃபில்டர் போட்டு, ஊர் ஊராக மாவட்டத்தை நிரப்புங்கள். நானூறு பேர் பட்டியலுக்கு அரை மணி நேரம் ஆகும்.

பின்கோட்டைப் பார்த்து மாவட்டத்தை ஊகிக்கவும் முடியாது. தபால் துறை 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு முறையைக் கொண்டு வந்தது தபால் பிரிக்கும் வசதிக்காக. மாவட்ட எல்லை அதற்குப் பொருட்டில்லை. ஆரணிக்கு 632301, வேலூரைப் போலவே 632 என்று தொடங்குகிறது, மாவட்டமோ திருவண்ணாமலை. பேரணாம்பட்டுக்கு 635810, ஆம்பூரைப் போல 635, மாவட்டமோ வேலூர்.

மாவட்டம் தவறினாலும் பின்கோடு சரியாக இருந்தால் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். பின்கோடு தவறினால்தான் அலையும். திருப்பத்தூர் என்று மட்டும் எழுதினால் நம் திருப்பத்தூரா சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரா என்று தெரியாது. 635601 என்றால் நம்முடையது, 630211 என்றால் அவர்களுடையது. ஆரணியும் அப்படியே, பொன்னேரிப் பக்கம் இன்னொரு ஆரணி இருக்கிறது. ஆகவே ஒரு முகவரியில் ஏதாவது ஒன்றைத்தான் சரிபார்க்க நேரம் இருக்கிறது என்றால் பின்கோட்டைச் சரிபாருங்கள்.

எந்த ஸ்டிக்கர் ஷீட் வாங்குவது?

உறைக்கு ஒட்ட, ஏ4 தாளில் 21 லேபிள் இருக்கும் ஷீட் பொருத்தமாக இருக்கும்: குறுக்கே 3, கீழாக 7, ஒவ்வொன்றும் 63.5 மி.மீ. அகலம், 38.1 மி.மீ. உயரம். வேர்டின் பட்டியலில் ஏவரி நிறுவனத்தின் எல்7160 என்ற பெயரில் இந்த அளவு இருக்கிறது. தமிழில் 11 புள்ளி எழுத்தில் ஐந்து, ஆறு வரி இதில் அடங்கும். முகவரி நீளமாக இருந்தால் 14 லேபிள் ஷீட் வாங்குங்கள், எல்7163, 99.1க்கு 38.1 மி.மீ. திருவண்ணாமலை மாவட்டத்து முகவரி நிறைய இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன், ஊர்ப் பெயரும் மாவட்டப் பெயரும் ஒரே வரியில் உட்காரும்.

பாக்கெட்டின் மேல் "லேசர்" என்றோ "இங்க்ஜெட்" என்றோ போட்டிருப்பதைப் பாருங்கள். 350 முகவரிக்கு 21 வீதம் 17 ஷீட் வேண்டும். சோதனைக்கும் சேதத்துக்கும் சேர்த்து 20 வாங்குங்கள். வேலூர் வெயிலில் பாக்கெட்டை வண்டியின் டிக்கியில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். பசை இளகி ஓரத்தில் கசிந்தால் தாள் பிரின்டருக்குள் ஒட்டிக்கொள்ளும். ஷீட்டை நிற்க வைக்காமல் படுக்க வையுங்கள்.

என் ஷீட்டின் எண் வேர்டு பட்டியலில் இல்லை. என்ன செய்வது?

இங்கே கடைகளில் கிடைக்கும் பல ஷீட்டுகளுக்கு அவரவர் எண்தான் இருக்கும். ஸ்கேலால் அளந்து பாருங்கள். 63.5க்கு 38.1 வந்தால் எல்7160 என்றே தேர்ந்தெடுங்கள். வேறு அளவென்றால் "நியூ லேபிள்" பட்டனை அழுத்தி நீங்களே அளவுகளைக் கொடுக்கலாம். அதில் "பிட்ச்" என்று இரண்டு இடம் வரும், அங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். பிட்ச் என்பது இரண்டு லேபிளுக்கு நடுவில் உள்ள இடைவெளி அல்ல. ஒரு லேபிளின் இடது ஓரத்திலிருந்து அடுத்த லேபிளின் இடது ஓரம் வரை உள்ள தூரம். 63.5 அகலமும் 2.5 இடைவெளியும் என்றால் பிட்ச் 66. மேலிருந்து கீழான பிட்சும் அப்படியே. 21 லேபிள் ஷீட்டில் மேலும் கீழும் இடைவெளி இல்லாததால் அது 38.1தான்.

சரி, வேர்டில் படிப்படியாக என்ன செய்ய வேண்டும்?

எக்செல் கோப்பைச் சேமித்து மூடிவிடுங்கள். வேர்டில் புதிய பக்கம் திறந்து, மேலே "மெயிலிங்ஸ்" போய், "ஸ்டார்ட் மெயில் மெர்ஜ்" அழுத்தி, "லேபிள்ஸ்" தேர்ந்தெடுங்கள். அங்கே நிறுவனம், எண், தாளின் அளவு கேட்கும். ஏவரியில் அமெரிக்க லெட்டர் தாளுக்கும் ஏ4 தாளுக்கும் தனித்தனிப் பட்டியல் இருக்கும். ஏ4 என்று இருப்பதை எடுங்கள். ஓகே கொடுத்ததும் பக்கம் கட்டம் கட்டமாகப் பிரியும்.

அடுத்தது "செலக்ட் ரெசிபியன்ட்ஸ்", அதில் "யூஸ் அன் எக்ஸிஸ்டிங் லிஸ்ட்". உங்கள் எக்செல் கோப்பைக் காட்டுங்கள். எந்த ஷீட் என்று கேட்கும் பெட்டியின் அடியில், முதல் வரியில் தலைப்புகள் இருக்கின்றன என்ற குறி இருக்கும், அது டிக் ஆகியிருக்க வேண்டும். இப்போது முதல் கட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் "நெக்ஸ்ட் ரெகார்டு" என்று தோன்றும். அதை அழிக்காதீர்கள். அடுத்த கட்டத்துக்கு அடுத்த ஆளை எடு என்ற கட்டளை அது.

முதல் கட்டத்தில் கர்சரை வைத்து "இன்சர்ட் மெர்ஜ் ஃபீல்டு" வழியாக மரியாதை, பெயர் ஒரு வரி, கதவு எண், தெரு ஒரு வரி, ஊர், மாவட்டம், பின்கோடு என்று இடுங்கள். எழுத்துரு, அளவு, தடிமன் எல்லாம் இந்த ஒரு கட்டத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். பின்கோட்டைக் கொஞ்சம் தடிமனாக வைப்பது என் வழக்கம். பிறகு "அப்டேட் லேபிள்ஸ்" அழுத்தினால் முதல் கட்டத்தில் செய்தது எல்லாக் கட்டத்துக்கும் பரவும். "ப்ரீவ்யூ ரிசல்ட்ஸ்" அழுத்தினால் உண்மையான பெயர்கள் தெரியும்.

கடைசியில் "ஃபினிஷ் அண்ட் மெர்ஜ்". நேரே பிரின்டுக்குப் போகாதீர்கள். "எடிட் இன்டிவிஜுவல் டாக்குமென்ட்ஸ்" கொடுத்தால் எல்லா லேபிளும் நிரம்பிய புதிய கோப்பு ஒன்று திறக்கும். அதை வீட்டில் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். "இவர் போன வருஷமே சத்துவாச்சாரிக்கு வீடு மாறிட்டாரே" என்று அவர்தான் சொல்வார். இறந்துபோனவர் பெயருக்கு உறை போகாமல் இருப்பதும் அந்த வாசிப்பில்தான் இருக்கிறது.

ஒரு ஷீட் முழுக்க ஒரே ஆளின் பெயர் வருகிறது. / முதல் லேபிள் மட்டும் நிரம்பி மற்றவை காலியாக இருக்கின்றன.

ஒரே பெயர் என்றால் "நெக்ஸ்ட் ரெகார்டு" எங்கோ அழிந்துவிட்டது. மற்றவை காலி என்றால் "அப்டேட் லேபிள்ஸ்" அழுத்த மறந்துவிட்டீர்கள். இரண்டுக்கும் ப்ரீவ்யூவை நிறுத்திவிட்டு, முதல் கட்டத்தைச் சரிபார்த்து, "அப்டேட் லேபிள்ஸ்" அழுத்தினால் போதும்.

எக்செலில் தமிழ் நன்றாகத் தெரிகிறது, வேர்டுக்கு வந்ததும் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறுகிறது.

அப்படியென்றால் உங்கள் பட்டியல் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டது. அந்த முறையில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. எழுத்துருதான் அதைத் தமிழ் உருவமாகக் காட்டுகிறது. மெயில் மெர்ஜில் எக்செலிலிருந்து எழுத்து மட்டும்தான் வரும், எழுத்துரு வராது.

அவசரத்துக்கு ஒரு வழி: வேர்டின் முதல் கட்டத்தில் அந்த ஃபீல்டை முழுதாகத் தேர்ந்தெடுத்து, அதே பாமினி எழுத்துருவைக் கொடுத்து, "அப்டேட் லேபிள்ஸ்" அழுத்துங்கள். ஆனால் அதே நெடுவரிசையில் யாராவது ஒருவர் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் அது இப்போது தமிழ்க் குப்பையாகிவிடும்.

நிரந்தரமான வழி, பட்டியலை யூனிகோடுக்கு, அதாவது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் முறைக்கு, மாற்றுவது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றிய பிறகு ஸ்ரீ, க்ஷ வரும் பெயர்களைக் கட்டாயம் கண்ணால் பாருங்கள், அங்கேதான் பிழை ஒளிந்திருக்கும். புதிதாக அடிக்கிறவர்கள் தயவுசெய்து ஆரம்பத்திலிருந்தே யூனிகோடில் அடியுங்கள். தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். பாமினியில் அடித்த பட்டியலில் எதையும் தேட முடியாது, அகர வரிசைப்படுத்தவும் முடியாது, வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பினால் அவரால் வாசிக்கவும் முடியாது. பத்து வருஷத்து முகவரி அப்படி ஒரு எழுத்துருவில் அடைபட்டுக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கஷ்டப்படுகிறது.

சிஎஸ்வி கோப்பை (கமாவால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல்) திறந்தால் தமிழ் சிதைகிறது என்பது வேறு சிக்கல். அதை இரட்டைக் கிளிக் செய்து திறக்காமல், எக்செலின் "டேட்டா" மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து, யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள்.

கி, கீ, தீ போன்ற எழுத்துகளின் தலை வெட்டுப்படுகிறது.

வரி இடைவெளியை "எக்ஸாக்ட்லி" என்று வைத்து எண்ணைக் குறைத்திருப்பீர்கள். ஆங்கிலத்துக்கு அது சரிப்படும். தமிழ் எழுத்துக்கு மேலே விலங்கும் சுழியும் ஏறும், கு, மூ போன்றவற்றின் வால் கீழே இறங்கும். கூடுதல் உயரம் வேண்டும். "சிங்கிள்" என்று வையுங்கள். இடம் போதவில்லை என்றால் பத்திகளுக்கு முன்னும் பின்னும் வேர்டு தானாக விடும் இடைவெளியைச் சுழியமாக்குங்கள். பெரும்பாலும் அதிலேயே இரண்டு வரிக்கு இடம் கிடைத்துவிடும். அதற்கும் மேல் எழுத்தைச் சிறிதாக்குவதற்குப் பதில் பெரிய லேபிளுக்குப் போய்விடுங்கள். மாலை வெளிச்சத்தில் முகவரி வாசிக்கும் தபால்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிலருக்குத் தெருப் பெயர் இல்லை. அந்த இடத்தில் காலி வரியோ தனிக் கமாவோ வருகிறது.

ஒரு வரியில் ஃபீல்டு மட்டும் இருந்து அது காலியாக இருந்தால் வேர்டு அந்த வரியையே விட்டுவிடும். ஆனால் வரியை ஷிஃப்ட் பிடித்து என்டர் அடித்து உடைத்திருந்தால் விடாது. வெறும் என்டர்தான் அடிக்க வேண்டும். ஃபீல்டுக்குப் பின்னால் நீங்கள் போட்ட கமாவும் அந்த வரியைப் பிடித்து நிறுத்தும். கமாவை எக்செல் கட்டத்துக்குள்ளேயே போட்டுவிடுங்கள், அல்லது வரி முடிவில் கமாவே வேண்டாம்.

அச்சிட்டால் எழுத்து லேபிள் கோட்டைத் தாண்டிப் போகிறது.

முதலில் சாதாரண ஏ4 தாளில் ஒரு பக்கம் அச்சிட்டு, ஸ்டிக்கர் ஷீட்டின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். எப்படி விலகுகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

எல்லா வரிசையும் ஒரே அளவு தள்ளியிருந்தால் அது மார்ஜின் சிக்கல், அல்லது பிரின்டர் தாளை இழுக்கும் விதம். லேபிள் அளவுப் பெட்டியில் மேல் மார்ஜினை ஒரு மி.மீ. கூட்டியோ குறைத்தோ பாருங்கள். மேல் வரிசை சரியாக இருந்து, கீழே போகப் போக விலகல் கூடிக்கொண்டே போனால் பிட்ச் தவறு, அல்லது பிரின்டர் பக்கத்தைச் சுருக்குகிறது. பிட்சில் அரை மி.மீ. பிழை இருந்தால் ஏழாவது வரிசைக்குள் 3 மி.மீ. ஆகிவிடும். பிரின்ட் பெட்டியில் "ஃபிட் டு பேஜ்" இருந்தால் எடுத்துவிட்டு "ஆக்சுவல் சைஸ்" அல்லது 100 சதவீதம் வையுங்கள். வேர்டிலும் பிரின்டரிலும் தாள் ஏ4 என்று இருக்கிறதா பாருங்கள். லெட்டர் தாள் ஏ4ஐ விட 17.6 மி.மீ. குட்டை, ஒன்றில் லெட்டரும் மற்றதில் ஏ4உம் இருந்தால் எந்த அளவும் பொருந்தாது.

ஷீட்டில் எட்டு லேபிள் உரித்துவிட்டேன். மீதியைப் பயன்படுத்தலாமா?

இங்க்ஜெட் என்றால் கவனமாகச் செய்யலாம். பட்டியலின் மேலே எட்டு வெற்று ஆட்களைச் சேருங்கள்: "வரிசை எண்" நெடுவரிசையில் மட்டும் எண், மற்றதெல்லாம் காலி. அச்சு ஒன்பதாவது லேபிளிலிருந்து தொடங்கும்.

லேசர் பிரின்டரில் வேண்டாம். அதன் உள்ளே உருளை சூடாகி மைத்தூளை உருக்குகிறது. ஏற்கெனவே உரித்த ஷீட்டின் ஓரத்து லேபிள் அந்தச் சூட்டில் கழன்று உருளையில் ஒட்டிக்கொண்டால் பழுது பார்க்கும் செலவு பத்து பாக்கெட் ஸ்டிக்கரை விட அதிகம். மீதி லேபிளில் கையால் எழுதி ஒட்டுங்கள்.

பெயர் ஒன்று, முகவரி வேறு ஒருவருடையது என்று வந்துவிட்டது. எப்படி நடக்கும்?

இது என் வீட்டிலேயே நடந்தது. என் தங்கை மகள் கல்யாணத்துக்கு நான்தான் பட்டியல் போட்டேன். அகர வரிசையில் இருந்தால் சரிபார்க்க எளிது என்று பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினேன். எக்செல் நின்று கேட்டது, பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்த்துக்கொள்ளட்டுமா, இதை மட்டும் மாற்றட்டுமா என்று. இரவு பதினொரு மணி; வாசிக்காமல் இரண்டாவதை அழுத்தினேன். பெயர்கள் மட்டும் இடம் மாறின, முகவரிகள் இருந்த இடத்திலேயே நின்றன. நூற்றெண்பது உறை ஒட்டி முடித்த பிறகு, ஆற்காட்டுச் சித்தப்பா பெயருக்குக் கீழே குடியாத்தம் முகவரியைப் பார்த்து என் அம்மா கேட்டபோதுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் உரித்துத் திரும்ப ஒட்டினோம், பத்து உறை கிழிந்தது.

அதிலிருந்து முதல் நெடுவரிசையில் ஒவ்வொரு ஆளுக்கும் வரிசை எண் போடாமல் நான் எந்தப் பட்டியலையும் தொடுவதில்லை. வரிசைப்படுத்துமுன் கோப்பை ஒரு நகல் எடுத்துக்கொள்கிறேன். தேர்ந்தெடுக்கும்போது முழுப் பட்டியலையும் தேர்ந்தெடுங்கள். அந்தப் பெட்டி வந்தால் "எக்ஸ்பேண்ட் தி செலக்‌ஷன்" என்பதை அழுத்துங்கள்.

ஸ்வீட் டப்பாவுக்கு லேபிள் வேண்டும். மக்கன் பேடா 40, வேறு இனிப்பு 25 என்று எண்ணிக்கை மாறும்.

ஒரே லேபிள் ஷீட் முழுக்க வேண்டுமானால் மெர்ஜே வேண்டாம். மெயிலிங்ஸில் "லேபிள்ஸ்" பட்டனை மட்டும் அழுத்தி, விவரத்தை ஒரு முறை அடித்து, முழுப் பக்கம் என்று கொடுங்கள். எண்ணிக்கை மாறினால் எக்செலில் மக்கன் பேடா வரியை 40 முறையும் அடுத்ததை 25 முறையும் நகலெடுத்து வைத்து மெர்ஜ் செய்யுங்கள். வேர்டுக்கு அதைவிட எளிய வழி கிடையாது.

உணவு உரிம எண் 14 இலக்கம். அந்த நெடுவரிசை டெக்ஸ்டாக இல்லாவிட்டால் சுருங்கிப்போகும். விலை, நிகர எடை, தயாரித்த தேதி, தயாரித்தவர் முகவரி, புகார் தொடர்பு எண் எல்லாம் வர வேண்டும் என்பதால் 21 லேபிள் ஷீட் போதாது. 99.1க்கு 67.7 அளவில் பக்கத்துக்கு எட்டு வரும் ஷீட் எடுங்கள்.

எங்களிடம் வேர்டு இல்லை, லிப்ரே ஆபீஸ்தான்.

தாராளமாக முடியும், இலவசமும்கூட. ஒரே வித்தியாசம், பட்டியலை முதலில் தரவு மூலமாகப் பதிவு செய்ய வேண்டும். "ஃபைல்", "நியூ", "டேட்டாபேஸ்" போய், ஏற்கெனவே இருக்கும் தரவோடு இணை என்பதில் "ஸ்பிரெட்ஷீட்" தேர்ந்தெடுத்து உங்கள் கோப்பைக் காட்டுங்கள். பிறகு "ஃபைல்", "நியூ", "லேபிள்ஸ்". அங்கே அந்த டேட்டாபேஸ், ஷீட், ஃபீல்டுகள், லேபிள் எண் எல்லாம் ஒரே பெட்டியில் கேட்கும். "ஆப்ஷன்ஸ்" பக்கத்தில் "சின்க்ரனைஸ் கன்டென்ட்ஸ்" டிக் செய்யுங்கள். முதல் லேபிளில் செய்யும் மாற்றத்தை மற்றவற்றுக்குப் பரப்புவது அதுதான். பிரின்ட் கொடுக்கும்போது, முகவரி ஃபீல்டுகள் இருக்கின்றன, படிவக் கடிதமாக அச்சிடவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள்.

கைபேசியிலேயே செய்ய முடியுமா?

பட்டியல் சேர்ப்பது முடியும், அதற்குக் கைபேசிதான் சிறந்தது. கூகுள் ஃபார்ம் ஒன்று செய்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் சித்தூரிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் தங்கள் முகவரியைத் தாங்களே சரியாக எழுதித் தருவார்கள். அதை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். மெர்ஜ் செய்ய, கம்ப்யூட்டரில் நிறுவிய வேர்டோ லிப்ரே ஆபீஸோ வேண்டும்.

கடையில் அச்சிடக் கொடுத்தால் பட்டியலை அங்கேயே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். நானூறு குடும்பத்தின் பெயரும் வீடும் கைபேசி எண்ணும் அதில் இருக்கிறது. உங்களை நம்பித்தான் அவர்கள் கொடுத்தார்கள். கைபேசி எண் லேபிளில் வராது என்றால் அந்த நெடுவரிசையை நீக்கிய நகலைக் கொடுங்கள். எக்செலுக்குப் பதில், மெர்ஜ் முடிந்த பக்கங்களைப் பிடிஎஃப் ஆக மாற்றிக் கொடுத்தால் இன்னும் நல்லது. எழுத்துரு மாறும் சிக்கலும் இருக்காது. வேலை முடிந்ததும் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து கோப்பை அழிக்கச் சொல்லுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும் சேர்த்து. என் கடையில் வாடிக்கையாளர் முன்னாலேயே அழிப்பதுதான் வழக்கம். மற்ற கடைகளிலும் கேளுங்கள், கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

திரும்பி வந்த உறைகளை என்ன செய்வது?

தூக்கிப் போடுவதற்கு முன் எக்செலைத் திறந்து அந்த ஆளின் வரியில் "திரும்பியது" என்று ஒரு நெடுவரிசையில் தேதியோடு குறித்து வையுங்கள். உறையின் மேல் தபால்காரர் எழுதியிருக்கும் காரணத்தையும் எழுதுங்கள்: வீடு மாறிவிட்டார், முகவரி போதாது, அப்படி யாரும் இல்லை. "போதாது" என்றால் பெரும்பாலும் தெருவோ கதவு எண்ணோ விட்டுப்போயிருக்கும். பின்கோட்டில் இலக்கம் விட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆறு இலக்கத்துக்குக் குறைந்தாலோ கூடினாலோ ஏற்காதபடி எக்செலின் "டேட்டா வேலிடேஷன்" வழியாக அந்த நெடுவரிசைக்குக் கட்டுப்பாடு போட்டுவிடலாம். வீடு மாறியவருக்குப் போன் செய்து புது முகவரியை வாங்கி அன்றைக்கே திருத்திவிடுங்கள், பத்திரிகை வரவில்லையே என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும் நேரமாகவும் அது இருக்கும்.